தொப்பிக்காரனுக்கு ஓர் அர்ச்சனை

சீட்டைக் கையால் தொடாமலே சீட்டாட்டப் பைத்தியமான பெண்பிள்ளை இந்த ஒரகடம் ரோட்டிலேயே எங்கள் சீட்டுக்கட்டு ஒருத்திதான். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இது மண்ணூரில் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் வைத்த பேர். அங்கே அவளும் நானும் காய் நறுக்கினோம்.

நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. அவளிடம் மட்டும் வரும். சாப்பாட்டு ஹாலில் எதிரெதிரே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் வேலை முடியும்வரை பேச்சுதான். அதில் மண் விழுந்தது அந்த ஹாலில் டீவி மாட்டிய அன்று. அதில் வெள்ளைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடினார்கள். ஆடினார்கள் என்பதுகூடத் தப்பு. முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல இன்னாடி கீது?" என்றேன்.

"அவன் கையில இன்னா சீட்டுன்னு எதுத்தாப்ல குந்திகினு கீறவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். மேலேர்ந்து சாமி பாக்கறாப்ல பாக்கறோம்டி!"

அதிலும் ஒரு தொப்பிக்காரன்மேல் அவளுக்கு உயிர். அவன் பணத்துக்குப் பதில் வைக்கிற வில்லைகளை எல்லாம் நடுவில் தள்ளினால் இவள் அரிவாள்மணை நின்றுவிடும். ஒருநாள் சாம்பாரில் கத்தரிக்காய் காம்போடு முழுசாக மிதந்தது. வார்டன் கத்தினாள். "மேடம், அவன் ரெண்டு ஆஸ் வெச்சிகினு கம்முனு கீறான், காய எப்படி நறுக்கறது?" என்றாள் இவள்.

நான் மருமகள் சண்டையைச் சொன்னேன். "இரு, இரு" என்றாள். முட்டி வலியைச் சொன்னேன். அதற்கும் "இரு". முகம் தெரியாத ஒருத்தன்மேல் வயிறு எரிய எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, "வல்லக்கோட்டை போலாம் வா" என்றாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று பூரித்துப்போய்ப் புதுப்புடவை கட்டினேன். முருகன் சந்நிதியில் அர்ச்சனைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேரு தெரியாது சாமி. தொப்பி போட்டிருப்பான். நாளைக்கு அவனுக்கு பைனல்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். 'அப்பனே, அவன் தோற்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் தொப்பிக்காரன் அத்தனை வில்லையையும் தள்ளினான். கடைசிச் சீட்டு எதிராளிக்கு விழுந்தது. இவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் வல்லக்கோட்டைத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட வந்த திருநெல்வேலிப் பிள்ளை இசக்கி போனைத் தட்டிப் பார்த்தாள். "ஏ ஆச்சி, எதுக்கு அழுதிய? இது பழைய ஆட்டம்லா. அவன் தோத்து ஏழெட்டு வருசம் ஆச்சு."

அதைக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அப்ப நான் வேண்டிகினதுல தோக்கலியா?"

அழுகை நின்றது. "இன்னாது? நீ அவன் தோக்கணும்னு வேண்டிகினியா? எதுக்குடி?"

"நீ எங்கிட்ட பேசறதே இல்ல."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், ஹாலே திரும்பியது. "லூசு! ஒரு தொப்பிய மாட்டிகினு எதிர்ல வந்து குந்தியிருந்தா பாத்திருப்பேன் இல்ல?" என்று என் மணையை இழுத்துத் தன் மணையோடு ஒட்டிப் போட்டாள். மறுவாரம் டீவியில் ஒரு கண்ணாடிக்காரனைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ம், உன் மருமவ இன்னா சொன்னா?" என்பாள்.

போன தையில் அவளை மகள் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே பெரிய டீவியாம். விளம்பரம் வரும்போது அவள் யாரிடம் கதை கேட்கிறாளோ, அந்த மகராசியை நினைத்தால்தான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.