இடுப்பில் கட்டும் பெட்டிக்கு உன் மகள் போட்ட பூட்டு

அன்புள்ள தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் இங்கு அனைவரும் நலம். நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உன் மகளை அழைத்துச் செல்லவும்.

போன்ல சொல்லலாமேன்னு நீ கேப்ப. போன்ல சொன்னா அவ எப்படியாவது கேட்டுடுவாளோன்னு பயம். அதனாலதான் பேப்பர்ல எழுதி, உறையை நல்லா பசை போட்டு ஒட்டி, ஒட்டின கோட்டு மேலயே என் கையெழுத்தையும் போட்டு அனுப்பறேன். அது கோணலா இருந்தா யாரோ பிரிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி பெட்டியோட வந்து மாடி ரூம்ல இறங்கினா. என்ன வேலைம்மான்னு கேட்டேன். "பூட்டு செய்யறேன் அத்தை"ன்னா. சரி, கௌரவமான தொழில்தான்னு நினைச்சேன். ஆனா தம்பி, பூட்டு செய்யறவ கையில ஒரு அரம் வேண்டாமா, ஒரு சுத்தியல் வேண்டாமா? பருப்பு அளவுல ஒரு கறுப்பு கம்ப்யூட்டர்ச் சில்லை வச்சுக்கிட்டு பூதக்கண்ணாடியில பார்க்கறா, கணக்குப் போடறா, பேப்பரைக் கசக்கிப் போடறா. நான் கீழ மிக்ஸி போட்டா மாடியிலேருந்து, "அத்தை, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, அளவு ஆடுது"ன்னு கத்தறா. என் வீட்டு மிக்ஸிக்கும் அவ பூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, கரண்டு இழுக்கறதை அளக்கறாளாம். இதெல்லாம் நல்ல வீட்டுப் பொண்ணு செய்யற வேலையா இருந்தா கதவைச் சாத்திக்கிட்டு எதுக்குச் செய்யணும்? அப்பவே எனக்கு மனசுல ஒண்ணு உறுத்துச்சு.

போன மாசம் வாசக்கதவுக்கு நம்பர் அடிச்சாத் திறக்கற பூட்டு வாங்கிப் போட்டோம். நம்பர் எனக்கும் உன் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். உன் மக ஒரு செப்புக் கம்பி வளையத்தைப் பூட்டு மேல வச்சா, ஏதேதோ நம்பரை அடிச்சுக்கிட்டே கம்ப்யூட்டர்ல ஓடற கோட்டைப் பார்த்தா, நான் உள்ள போய் அரிசி களைஞ்சு வர்றதுக்குள்ள கதவைத் திறந்துட்டு நிக்கறா. யாரும் நம்பர் சொல்லல. உன் மச்சான் கை தட்டறார், சொந்த வீட்டுக் கதவு திறந்ததுக்கு. "யாருடி உனக்குச் சொன்னது?"ன்னு கேட்டேன். "பூட்டுதான் சொல்லுச்சு அத்தை. நம்பரைச் சரிபார்க்கறப்ப ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி கரண்டு இழுக்குது. நீங்க ஹால்ல உட்கார்ந்து கண்ணை மூடி சாமி பேரைச் சொல்லிக்கிட்டே, சமையல்கட்டுல அண்ணி எந்த டப்பாவைத் திறக்கறாங்கன்னு சத்தத்தை வச்சே சொல்வீங்களே, அதேதான்"ன்னா.

அது உண்மைதான், பெருமைக்குச் சொல்லல. சர்க்கரை டப்பா மூடி ஒரு தினுசாக் கிறீச்சுங்கும், டீத்தூள் டப்பா டொப்புங்கும். உன் மச்சானுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிடக்கு. கால்ல போன வருஷம் வந்த புண் ஆறவே நாலு மாசம் ஆச்சு. அந்த மனுஷனுக்கு டீல சர்க்கரை போகாம நான் காவல் காத்ததே இந்தக் காதை வச்சுத்தான். மருமக பாவம்னு பார்த்து ஒரு ஸ்பூன் போடுவா, நான் இங்கேருந்தே, "கேக்குது"ம்பேன்.

இப்ப என்ன ஆச்சு தெரியுமா? மறுநாளே சமையல்கட்டுல கிறீச், டொப், டங், டக்குன்னு அத்தனை டப்பாவும் வரிசையாத் திறந்து மூடற சத்தம். ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கறதுக்கும் ஒன்பது டப்பா. "என்னம்மா இது?"ன்னு கேட்டா மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வேணுமோ வேண்டாமோ, தினமும் எல்லாத்தையும் ஒரே வரிசையில, ஒரே அளவு நேரம் எடுத்துத் திறந்து மூடினா வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாதாம் அத்தை. மாடியில சொன்னாங்க"ங்கறா. என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் காதையே அடைச்சுட்டா உன் மக. ரெண்டே வாரம், உன் மச்சானுக்குச் சர்க்கரை எகிறிடுச்சு. டாக்டர் திட்டின திட்டை நான் எழுத மாட்டேன்.

அதுக்கு டாக்டர் சொன்ன வழியைக் கேளு. இடுப்புல கட்டிக்கற பெட்டி ஒண்ணு, மருந்தைச் சொட்டுச் சொட்டா உடம்புக்குள்ள அனுப்புமாம். ஆஸ்பத்திரியில கையடக்கமா ஒரு கருவியில நாலு எண்ணை அடிச்சு, எவ்வளவு சொட்டுன்னு தூரத்திலேருந்தே மாத்தலாமாம். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற பூட்டு யாரு செஞ்சது? உன் மக. எண் தெரிஞ்சவன் எவனும் தெருவுல நின்னே மருந்தைக் கூட்டிடலாம், ஆள் எழுந்திரிக்கவே மாட்டான். நல்ல பெரிய பூட்டாப் போடேண்டின்னேன். "பெரிய பூட்டுப் போட்டா பேட்டரி ஒரே வாரத்துல தீர்ந்துடும் அத்தை. இது பொடி சில்லு. பூட்டு சின்னதா இருக்கணும், வேகமா இருக்கணும், யாராலயும் உடைக்கவும் முடியக்கூடாது"ங்கறா. சின்னது, வேகம், கெட்டி, மூணும் ஒண்ணாக் கிடைக்கும்னு சொல்றவங்களை நான் துணிக்கடையிலேயே நம்ப மாட்டேன். வாசக்கதவைத் திறந்தவளுக்குத் தான் செஞ்ச பூட்டைத் திறக்கத் தெரியாதா? திங்கட்கிழமை நிஜப் பெட்டியைக் கட்டறாங்க. அதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போ. உன் மச்சான் உசிரு எனக்கு முக்கியம்.

மற்றபடி உன் முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கவும். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்லவும். எல்லாம் வல்லவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தர வேண்டிக்கொள்ளும்,
உன் பாசமுள்ள அக்கா.

பின்குறிப்பு: வர வேண்டாம். பழகிக்கறதுக்காக ஆஸ்பத்திரியில, மருந்துக்குப் பதிலா வெறும் தண்ணி ஊத்தின ஒத்திகைப் பெட்டியையும் கருவியையும் கொடுத்திருந்தாங்க. மத்தியானம் உன் மச்சான் அதைக் கட்டிக்கிட்டுத் தூங்கறப்ப, அவர் இடுப்புல காதை வச்சு, கருவியில வாய்க்கு வந்த எண்ணெல்லாம் அடிச்சுப் பார்த்தேன். உள்ள கொசு மாதிரி ஒரு முனகல். முதல் எண் தப்புன்னா சட்டுனு நின்னுடுது. சரின்னா இன்னும் கொஞ்சம் முனகுது. ஒவ்வொரு எண்ணாப் பிடிச்சேன். கால் மணி நேரத்துல பெட்டியோட பூட்டு திறந்துக்கிச்சு. உன் மகளைக் கூப்பிட்டு, "இதுதான் நீ செஞ்ச பூட்டா?"ன்னேன். தரையிலேயே உட்கார்ந்துட்டா. மூணு தடவை எண்ணை மாத்தி மாத்தித் திறக்கச் சொன்னா, மூணு தடவையும் திறந்தேன். "பேட்டரி மிச்சமாகும்னு, ஒரு எண் தப்புன்னா அங்கேயே நிறுத்தச் சொல்லியிருந்தேன் அத்தை. நாலையும் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லியிருக்கணும்"னு சொல்லி அழுதா. "அதைத்தானேடி என் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்த?"ன்னு கேட்டேன். அப்பவே ஆபீசுக்குப் பேசி, திங்கட்கிழமை கிளம்ப இருந்த முந்நூறு பெட்டியையும் நிறுத்திட்டா. நிறுத்தினதுல அவளுக்குத்தான் கெட்ட பேரு, ஆனாலும் ஒரு நிமிஷம் யோசிக்கல. அதனால அவ இங்கேயே இருக்கட்டும்.

மூணு பக்கம் எழுதினதைக் கிழிக்க மனசு வரல, அப்படியே அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை நீ வந்தாலும் வீட்டுல ஆள் இருக்காது. ஆபீஸ்ல இன்னும் நாலு தினுசுப் பெட்டி இருக்காம், நான் வந்து காது வச்சுப் பார்க்கணும்னு கார் அனுப்பறாங்க. பெட்டிச் சத்தத்தை எப்படி அடக்கறாங்கன்னு பார்க்கணும், நானும் வர்றேன்னு மருமக ரொம்ப ஆசையாக் கிளம்பி நிக்கறா. எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.