பிரிட்ஜுக்குச் சாம்பிராணி போட்ட விவகாரம்

ராஜபாளையம்
18-5-92

அன்புள்ள சம்பந்தி மதினி சுந்தரம்மாளுக்குப் பிச்சையம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், என் மகன் சங்கரலிங்கம், போன பொங்கலுக்கு நீங்கள் சீராகக் கொடுத்த பிரிட்ஜ் மூவரும் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், என் மருமகள் ஜெயக்கொடி, என் பேத்தி பரிபூரணம் எல்லாரும் சுகமாயிருக்க ஆண்டாள் துணையிருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம், இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் வாய்க்கு முன்னால் கண் பேசிவிடும். அதனால்தான் அஞ்சாம் வகுப்புவரை படித்த படிப்பை வீணாக்காமல் எழுதுகிறேன்.

ஜெயக்கொடி அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். பிரிட்ஜை எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணுவது என்பதுதான் வழக்கு. அடுப்பைத் தினமும் துடைக்கிறோம், அம்மியைத் தினமும் கழுவுகிறோம், சோறு வைக்கிற பெட்டியை மட்டும் அழுக்காகப் போடலாமா? அதனால் தினமும் காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துத் துடைத்தேன். ஜெயக்கொடியோ, "அத்தை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சுவிட்ச அமத்தி, ஐஸக் கரையவிட்டு, சோடா உப்புத் தண்ணியில தொடச்சாப் போதும். தெனமும் வெளிய எடுத்து வச்சா மாவு புளிக்காம என்ன செய்யும்?" என்கிறாள். பக்கத்து வீட்டுக் கிருபாபாய் டீச்சரும் அவள் கட்சி. டீச்சர் வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது, சொல்லுவார்கள். நம் வீட்டில் பரிபூரணம் இருக்கிறாளே! வெயிலில் செருப்பு சுடுகிறதென்று அதைக் கொண்டுபோய்க் காய்கறித் தட்டில் வெண்டைக்காய்க்கு நடுவே வைத்திருக்கிறாள். மூணு வயசில் எம்புட்டு அறிவு பாருங்கள் மதினி! நான் தெரு முழுக்கச் சொன்னேன். ஜெயக்கொடி பிள்ளையை வைதாள். தினமும் துடைத்ததால்தானே செருப்பு என் கண்ணில் பட்டது? பதினைந்து நாள் விட்டிருந்தால் சாம்பாரில் அல்லவா பட்டிருக்கும்?

சித்திரை கடைசி வெள்ளியன்று அவள் பிள்ளையோடு தையல் கடைக்குப் போயிருந்தாள். நான் பிரிட்ஜைத் திறந்தால் கருவாட்டு வாடை. எல்லாம் என் மகன் ஒளித்துவைத்த பொட்டலம். சுவிட்சை அணைத்துவிட்டு (அம்புட்டு விவரம் எனக்கும் உண்டு) சீயக்காய் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. பச்சைப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் பிறகு என்ன செய்வோம்? சாம்பிராணி போடுவோம். அதையே செய்தேன். தூபக்காலை நடுத்தட்டில் வைத்து, புகை நன்றாகப் பிடிக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஐஸ்தண்ணி எடுக்க வந்த டீச்சர் கதவைத் திறந்திருக்கிறார்கள். முகத்தில் புகை அடித்ததும், "ஐயோ ஏசுவே, பிரிட்ஜு எரியுது!" என்று ஒரே கூப்பாடு. எதிர்வீட்டுச் சோலைராஜ் குடத்தோடு ஓடிவந்து, பாதித் தண்ணீரைப் பிரிட்ஜ் மேலும் பாதியை டீச்சர் மேலும் ஊற்றினான். "ஏலே, தீ எங்கலே இருக்கு?" என்று நான் கேட்க, "அதான் அணைச்சுட்டேனே, ஆச்சி" என்கிறான்.

அன்று சாயந்தரம் அண்ணன் வந்தார்கள். பிரிட்ஜில் இருந்த மோரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தங்கச்சி, கருவறைக்குள்ள நின்னு மோர் குடிச்ச மாதிரி இருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஜெயக்கொடி முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன் போன பிறகு, "எங்க வீட்டுல குடுத்த பொருளுன்னுதான இந்தப் பாடு படுத்துதீக?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப ஒங்க வீட்டுப் பொருளத் தூக்கிட்டுப் போ தாயி" என்றேன். பிரிட்ஜைத் தூக்கிப் போகச் சொன்னால், மதினி, பிள்ளையைத் தூக்கிப் போய்விட்டாள்.

இப்போது பிரிட்ஜ் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு சொட்டுச் சிந்த ஆளில்லை. தினமும் துணியோடு போய்த் திறக்கிறேன், துடைக்க ஒன்றுமில்லை. நேற்று நானே கொஞ்சம் மாவைச் சிந்திவிட்டுத் துடைத்தேன். ஆகவே தினமும் என்பதை விட்டு வெள்ளிக்கு வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். அதுவும் ஆகாதென்றால் பதினைந்து நாளே இருக்கட்டும், சோடா உப்பும் வாங்கிவிட்டேன். ஆனால் அவளாக வரட்டும். மாமியாருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நானாக வந்து கூப்பிட மாட்டேன். என் மகனும் என் பக்கம்தான். மாமனார் வீட்டு வாசலை மிதிக்காமல் ரோஷமாக இருக்கிறான், சிங்கம்.

அண்ணனுக்கு என் கும்பிடு. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். ஜெயக்கொடிக்கு ஆசீர்வாதம், கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

இப்படிக்கு,
பிச்சையம்மாள்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லிச் சங்கரலிங்கத்திடம் கொடுத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "ஸ்டாம்பு எதுக்கும்மா, சாயந்தரம் நானே குடுத்துருதேன்" என்கிறான். மில்லில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத் தினமும் உங்கள் வீட்டில்தான் ராச்சாப்பாடாம்! ஏன் மதினி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சரி, வரமாட்டேன் என்று எழுதிய இடத்தை அடித்துவிடுங்கள். படித்தது போதும், நிமிர்ந்து பாருங்கள், அவனுக்குப் பின்னால் உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். உலையில் எனக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போடுங்கள்.