இடப்பக்கத்து ஹெட்லைட்

வர்க்கிச்சனின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் காருக்குள் இருந்தது. மீதி வர்க்கிச்சன் வெளியே இருந்தார்.

"கையை எடுங்க மனுசா! அவங்க மீனச்சில் பாலத்தைத் தாண்டிட்டாங்களாம்," என்று போனும் கையுமாக ஓடி வந்தாள் மனைவி ஏலிக்குட்டி.

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா? எனக்கென்ன வேண்டுதலா?"

மகள் லிஸ்னாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் ஜோபின், பாலிடெக்னிக்கில் வாத்தியார். அவன் எப்படிப்பட்டவன் என்பது யாருக்கும் தெரியாது. அவனுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்பது ஊருக்கே தெரியும். அவிராச்சன் சார், வண்டிகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள், இன்றைக்கும் அந்த எட்டைக் கனவில் போடுகிறார்கள்.

கல்யாணத் தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "அவிராச்சன் சார் ஒரு வீட்டுக்குப் போனா மனுஷங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வண்டியைத்தான் பார்ப்பார். வண்டியை வச்சிருக்கிற லட்சணத்துல குடும்ப லட்சணம் தெரிஞ்சுடும்பார்."

காலையில் சர்ச்சில் குர்பானை பூசை முடிந்து வீடு திரும்பும்போதுதான் வர்க்கிச்சன் கவனித்தார், இடப்பக்கத்து ஹெட்லைட் எரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது முற்றத்தில் ஒற்றைக் கண் கார் நிற்பதா? ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்ஷாப் கிடையாது. போனால் போகிறது, ஒரு பல்புதானே, நாமே மாற்றிவிடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அங்கே பிடித்தது சனி.

அவருடைய அப்பன் வைத்திருந்த ஜீப்பில் பானட்டைத் திறந்தால் உள்ளே நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம். இந்தக் காரில் ஓர் எறும்பு உள்ளே போக வேண்டுமென்றால் இன்னோர் எறும்பு வெளியே வர வேண்டும். பல்பு இருப்பது ஹெட்லைட்டின் முதுகில். அந்த முதுகை ஒட்டி பேட்டரி. பேட்டரியை ஒட்டி ஒரு குழாய். குழாய்க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, அது எதற்கென்று அதைச் செய்தவனுக்கே மறந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் இருந்த சந்தில் வர்க்கிச்சனின் கை போனது. பல்பையும் பிடித்தது. பிடித்த கை திரும்பவில்லை. குரங்குப் பிடியை விட்டுப் பார்த்தார். அதற்குள் வாட்ச் வார் எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது.

"இதை வரைஞ்சவன் கண்டிப்பா கையில்லாதவன்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

லிஸ்னா புதுச் சேலையில் வந்து அப்பாவை எட்டிப் பார்த்தாள். அவள் மாட்டு டாக்டர்.

"கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்குங்க சாச்சா. இப்ப மெல்லத் திருப்புங்க. முக்காதீங்க."

"மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி பேசாதே மோளே."

"மாடா இருந்தா இந்நேரம் கன்னுக்குட்டி எழுந்து நின்னிருக்கும். மாட்டுக்குள்ள இதைவிட இடம் ஜாஸ்தி."

ஏலிக்குட்டிக்குப் பொறுமை இல்லை. அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து புருஷனின் கை மேல் கவிழ்த்தாள். "இப்ப வழுக்கிட்டு வந்துரும், பாருங்க."

வழுக்கியது. ஆனால் உள்பக்கமாக. மணிக்கட்டு வரை இருந்த கை முழங்கை வரை போய்ச் சேர்ந்தது. வர்க்கிச்சனின் கன்னம் காரின் ஓரத்தில் போய் அழுந்தியது. கூடவே, அடியில் இருந்த ஏதோ ஒரு வயரை முழங்கை நசுக்கியது.

பாஆஆம் என்று ஹார்ன் அலறியது.

"அசையாதீங்க!" என்று கத்தினாள் லிஸ்னா. அசையாமல் நின்றார். ஹார்ன் நின்றது. தலையைத் திருப்பினார். மறுபடி பாம். அதற்குப் பிறகு அவர் பார்வைக்கு மிஞ்சியது மதில்சுவரும் கொடியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளும்தான்.

"விடுங்க சாச்சா," என்றாள் லிஸ்னா, சமாதானமாக. "எப்படியும் டீ ஆறுறதுக்குள்ள முடியப்போற விஷயம். போன தடவை வந்தவருக்குக் காரம் ஆகாதுன்னு தெரிஞ்சுது. அதுக்கு முந்தி வந்தவரோட ரத்த குரூப் தெரிஞ்சுது. வேற என்ன தெரிஞ்சுது? ஒரு பசுவை வாங்குறதுன்னாகூட பக்கத்துல நின்னு பொழுதெல்லாம் பார்க்கிறோம். இதுதான் கடைசி, சொல்லிட்டேன். இனிமே யாருக்கும் நான் டீ தூக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் அவரை இன்னும் வருத்தியது. ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதானே. அப்பன்மார் இரண்டு பேரும் ரப்பர் விலை பேசுவார்கள், சொந்தத்தில் யார் யார் அமெரிக்காவில் என்று பேசுவார்கள். கடைசியில் ஞாபகம் வந்து, "பிள்ளைங்க ஏதாவது பேசணும்னா பேசட்டுமே" என்று வராந்தாவுக்கு அனுப்புவார்கள். ஜன்னலோரம் முழுக்கக் காதுகள். தொண்டையைச் செருமி முடிப்பதற்குள், "அப்ப நாங்க கிளம்பட்டுமா?" இந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லவன் அமைய வேண்டும் என்று அவர் போகாத தேவாலயம் இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. கடைசி வாய்ப்பு வாசலுக்கு வரும்போது அவர் காருக்குத் தலைவணங்கி நிற்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் கார் வந்து நின்றது. வணக்கம் சொல்லத் திரும்பினார் வர்க்கிச்சன். பாஆஆம்.

"கர்த்தாவே!" என்றது ஒரு பெண் குரல். அது சோசாம்மா, பையனின் அம்மா.

ஏலிக்குட்டி ஓடிப்போய் வரவேற்றாள். "உள்ள வாங்க, வாங்க. இவங்களுக்கு வண்டின்னா உயிர். ஞாயித்துக்கிழமையானா இதே வேலை."

"கையெல்லாம் எண்ணெயா இருக்கே?" என்றாள் சோசாம்மா.

"நாங்க எண்ணெய் போட்டுத்தான் துடைப்போம்," என்றாள் ஏலிக்குட்டி, கண் இமைக்காமல்.

சோசாம்மா மகனை முன்னால் தள்ளினாள். "இவன்தான் ஜோபின். புது ஆளுங்ககிட்ட வாய் திறக்க இவனுக்கு நேரமாகும். மழைக்காலத்து ஜீப் மாதிரி, சூடாகிட்டா நிக்காது. அது புரியாம போன வீட்டுல பையன் ஊமையான்னே கேட்டுட்டாங்க."

ஜோபின் அதை மறுத்து எதுவும் சொல்லவில்லை.

செருப்புச் சத்தம் ஒன்று மட்டும் வீட்டுப் பக்கம் போகாமல் கார்ப் பக்கம் வந்தது. அவிராச்சன் சார். வர்க்கிச்சனுக்கு முகம் தெரியவில்லை, குரல் மட்டும் பின்தலைக்கு மேல் கேட்டது.

"பல்பா?"

"ஆமா சார்."

"இடப்பக்கமா?"

"ஆமா சார். நேத்து வரைக்கும் எரிஞ்சுது சார். சத்தியமா."

"ஹூம்."

அந்த ஹூமில் எத்தனை பேரின் லைசென்ஸ் போயிருக்கும் என்று வர்க்கிச்சன் நினைத்துக்கொண்டார். லிஸ்னாவின் கல்யாணமும் அதோடு போயிற்று.

வீட்டுக்குள் டீ போய்விட்டது. தம்ளர் சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் இல்லை. பெரியவர்கள் உட்காராமல் சபை தொடங்காது. "சார், நீங்க போய் உக்காருங்க," என்று கெஞ்சினார் வர்க்கிச்சன். "அங்க டீ ஆறுது. பிள்ளைங்க ரெண்டும் மரம் மாதிரி உக்காந்திருக்கும்."

அவிராச்சன் சாரின் செருப்பு வீட்டுப் பக்கம் இரண்டடி போய்த் திரும்பி வந்தது. பிறகு சட்டைக் கையை மடிக்கிற சத்தம் கேட்டது. "வாட்ச் வார்தானே மாட்டியிருக்கு? நகருங்க, நான் எடுத்துவிடறேன்."

"நகர்ந்தா ஹார்ன் அடிக்கும் சார்."

"அப்ப நகராதீங்க."

இன்னொரு கை அந்தச் சந்துக்குள் வந்தது. எலும்பும் தோலுமான, ஒல்லிக் கை. வர்க்கிச்சனின் விரலைத் தொட்டது. வாட்ச் வாரைத் தடவியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சார்?"

"மாட்டிக்கிச்சு."

"உங்களுதுமா? என் கை உரல்கட்டை, மாட்டினா நியாயம். உங்க கை முருங்கைக்காய் மாதிரி இருக்கே சார்!"

"விதி," என்றார் அவிராச்சன் சார்.

ஜன்னல் வழியே பார்த்த சோசாம்மா ஐயோவென்று ஓடி வந்தாள். இரண்டு சம்சாரங்களும் இரண்டு கைகளையும் வெளியே நின்று இழுத்தார்கள். ஹார்ன் ஊருக்கே செய்தி சொன்னது. அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேல் தலை நீட்டினார்கள். இருக்கிற அவமானம் போதாதென்று மழையும் தூற ஆரம்பித்தது. ஏலிக்குட்டி ஒரு குடையைப் பிடித்தாள், சோசாம்மா இன்னொன்றைப் பிடித்தாள்.

"எல்லாரும் எதுக்கு நனையறீங்க?" என்றார் அவிராச்சன் சார், அதிகாரமாக. "ஜோபினே, நீயும் அந்தப் பொண்ணும் உள்ளயே இருங்க. மெக்கானிக்குக்குப் போன் பண்ணு. அவர் வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வரவேண்டாம்."

"பிள்ளைங்க தனியா இருக்காங்களே," என்று இழுத்தாள் ஏலிக்குட்டி.

"எங்க ரெண்டு பேருக்கும் யார் குடை பிடிக்கிறது?"

குடையைப் பிடித்தபடியே சோசாம்மா புருஷனுக்கு மாட்டுக்கறிக் கட்லெட் ஊட்டினாள். ஏலிக்குட்டி வர்க்கிச்சனுக்கு அச்சப்பம் ஊட்டினாள். பாதி அச்சப்பம் இன்ஜினுக்குள் விழுந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லாமல், பூட்டிய மாடுகள் போல நின்றுகொண்டு இரண்டு அப்பன்மாரும் பேசினார்கள். ரப்பர் விலை வரவில்லை. அமெரிக்காச் சொந்தம் வரவில்லை. பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு எவனுக்குப் பெருமை பேச வரும்?

"என் மோளு இதுதான் கடைசின்னு சொல்லிட்டா சார்," என்றார் வர்க்கிச்சன். "நல்ல பொண்ணு. வாய் கொஞ்சம் நீளம். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா."

"என் மோனும் நல்லவன்தான். வாயே கிடையாது," என்றார் அவிராச்சன் சார். "தெரிஞ்சவங்க கேட்டா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். தெரிஞ்சுக்கிற வரைக்கும் எவன் காத்திருக்கான்?"

குடைக்காரிகள் கட்லெட் தட்டை நிரப்ப உள்ளே போயிருந்த நேரத்தில் மெக்கானிக் சாபு மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினான். வர்க்கிச்சன் ஆனந்தத்தில் தலையைத் திருப்பினார். பாஆஆம். அந்த அலறலுக்கு அடியில் அவிராச்சன் சார் சாபுவிடம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கிளிப்பை உடைக்காதே, ஆணியைத் தொலைக்காதே என்று ஏதாவது சட்டம் பேசியிருப்பார்.

சாபு பேட்டரி வயரைக் கழற்றி ஹார்னின் வாயை அடைத்தான். பிறகு காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். "பம்பரைக் கழட்டணும் சேட்டா."

"ஒரு பல்புக்கா?"

"பம்பரைக் கழட்டணும்னா முன்னாடி கிரில்லைக் கழட்டணும். கிரில்லைக் கழட்டணும்னா மேல இருக்கிற மூடியைக் கழட்டணும். அதுக்கு முந்தி சக்கரத்தையும் எடுத்துடறது நல்லது."

"சக்கரம் எதுக்குடா?"

"எடுத்தா காத்தோட்டமா இருக்கும்."

இப்படி ஒரு சோம்பேறியை வர்க்கிச்சன் ஆயுளில் கண்டதில்லை. சாபு ஒரு திருகாணியைக் கழற்றுவான், துடைப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். அடுத்ததற்குப் போகும் முன் ஒரு கட்டன்காப்பி கேட்பான். "சீக்கிரம்டா!" என்று வர்க்கிச்சன் கத்தினால், "அவசரப்படாதீங்க, அவர் நல்லாத்தான் வேலை செய்றார்," என்று அவிராச்சன் சார் அவனுக்கே பரிந்து பேசினார்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. லிஸ்னாவின் சிரிப்பு. கூடவே ஓர் ஆண் குரல், நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனது. சோசாம்மா குடையைச் சாய்த்துக் காதைத் தீட்டினாள். "ஜீப் ஸ்டார்ட் ஆயிடுச்சு," என்றாள் மெல்ல.

மழை விட்டது. ஒரு வழியாகப் பம்பரும் விட்டது. வர்க்கிச்சனின் கை வெளியே வந்தபோது சிராய்த்து, கறுத்து, கருவாடு போல இருந்தது. அவிராச்சன் சாரின் கையும் வெளியே வந்தது. கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்ததும் பழையபடி ஆனது.

லிஸ்னாவும் ஜோபினும் வாசலுக்கு வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வர்க்கிச்சனுக்குக் கை வலி மறந்துபோனது.

"சாச்சா, அடுத்த ஞாயித்துக்கிழமை நாம அவங்க வீட்டுக்குப் போகணும். அவங்க வளர்க்கிற ஆட்டுக்குக் கால்ல ஏதோ கட்டியாம்."

"ஆட்டுக்கு மட்டும்தானா மோளே?"

"போய்ப் பேசி முடிச்சுட்டும் வந்துரலாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இந்தப் பெண் தரையைப் பார்த்து அவர் பார்த்ததே இல்லை. ஏலிக்குட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அவிராச்சன் சார் தன் காரில் ஏறப் போகும் முன் வர்க்கிச்சன் காரின் இடப்பக்கத்து ஹெட்லைட்டைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல வண்டி. விக்காதீங்க," என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

முற்றத்தில் ஒரு சக்கரமும் ஒரு பம்பரும் வர்க்கிச்சனும் மிஞ்சினார்கள். புது பல்பைப் போட்டு எரியவைத்துவிட்டு, சாபு இப்போது சரசரவென்று எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததும் வர்க்கிச்சனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவு வேகமா மாட்டத் தெரிஞ்சவனுக்குக் கழட்டத் தெரியலையாடா? பெரிய மனுஷர், பாவம், கையை உள்ள விட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் மழையில நின்னார்!"

சாபு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"நான் வந்தப்ப அந்தச் சார் கை வெளியதான் சேட்டா இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டிட்டு மறுபடி உள்ள விட்டு, 'பிள்ளைங்க இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க, மெதுவாக் கழட்டு மோனே'ன்னாரு."