விசில் அண்ணாச்சியும் மஞ்சள் தண்ணீரும்

மும்பையில் ஓடுகிற ரயிலைக்கூடக் கெஞ்சி நிறுத்திவிடலாம். அறுபது டிகிரியில் நிற்கும் வெந்நீர்த் தொட்டியை விட்டு விசில் அண்ணாச்சியை நகர்த்த முடியாது.

செம்பூரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். தாராவிவாசி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூச்சு விட்டால் மூக்கில் குக்கர் மாதிரி விசில் வரும். மீட்டிங் நடக்கும்போது டீயோடு நுழைவார். "யாரோட போன் அது?" என்பார் டைரக்டர். நாங்கள் மேஜைக்கடியில் குனிந்து சிரிப்போம்.

என் ஆராய்ச்சி இதுதான்: இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொடியை ரசாயனத்தில் பக்குவப்படுத்தி, முலாம் பட்டறைக் கழிவுநீரில் போட்டால் அது தண்ணீரை மஞ்சளாக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்குவத்துக்கு வெந்நீர்த் தொட்டியில் அறுபது டிகிரி, இரண்டு மணி நேரம்; சூடோ நேரமோ கூடினால் பொடியின் பிடிமானம் போய்விடும். தெரிந்தும், ரிப்போர்ட் அவசரத்தில் எண்பது டிகிரிக்கு ஏற்றினேன். பொடி காபித்தூள் நிறமாயிற்று. தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

"ஜல்தி பண்ணி அவிச்சுப்போட்டியளே மேடம்!" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் அவரே தொட்டி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டினால் போதும், "ஏலே, அடங்குலே!" என்று தெர்மாமீட்டரை அதட்டுவார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"நீங்க போங்க. காய்ச்சக்காரப் பிள்ளைய விட்டுட்டு வரவா?"

இரண்டு மணி நேரத்தில் இறக்கினோம். கழிவுநீரில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, புளிப்பு சரியாக வந்ததும் பொடியைப் போட்டுக் கலக்கினோம். சாயங்காலத்துக்குள் மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிந்துவிட்டது.

நான் கைதட்டினேன். அண்ணாச்சி குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருசம் இந்தத் தண்ணி மேலதான் குனிஞ்சு நின்னேன் மேடம். தாராவில முலாம் பட்டறை. அந்தப் புகைதான் மூக்குத் தண்டுல ஓட்டை போட்டுச்சு."

மேஜைக்கடியில் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வர, ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"இந்தப் பொடி நெஞ்சுக்குள்ள போனதையும் பிடிக்குமா?"

"இல்ல அண்ணாச்சி. தண்ணில இருக்கிறத மட்டும்தான்."

"சரி. தண்ணிக்காவது ஒரு வழி பொறந்துச்சே."

நுரையீரலில் புற்று என்று அன்றே அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. மழைக்காலம் தொடங்குமுன் போய்விட்டார்.

விஞ்ஞானம் படித்தவள் பொய் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அன்று அவரிடம் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.