எல்லாம் செட்டு

நம் ஊர்ப்பக்கம் 'செட் ஆசாமி' என்று ஒரு ஜீவன் உலவுகிறது. அடையாளம் காண்பது சுலபம். எந்தக் கவலையை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாலும், நீங்கள் பாதி சொல்லும்போதே கையால் காற்றை ஒரு வெட்டு வெட்டி, "விடுங்கண்ணே, செட் பண்ணிரலாம்" என்பார். எதைச் செட் பண்ணுவார், எப்படிப் பண்ணுவார், எப்போது பண்ணுவார்? கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கு விவரம் பத்தாது என்று அர்த்தம்.

ஒத்தக்கடையில் மைக் செட் வாடகைக்கு விடும் பாண்டியராஜன் இந்த இனத்தில் தலைசிறந்தவர். காலையில் ஒரு செட் பூரி தின்று, தன் வயசுச் செட்டு ஆட்களோடு நின்று டீ குடித்து, மச்சினன் தோட்டத்துப் பம்புசெட் ஏன் இரைகிறது என்று போய்ப் பார்த்து, பக்கத்து வீட்டு மாடியில் நேற்றுப் போட்ட கான்கிரீட் செட் ஆகிவிட்டதா என்று செருப்புக் காலால் மிதித்து வசவு வாங்கி, மத்தியானம் கத்திரிக்காய் தன் உடம்புக்குச் செட் ஆகாது என்று இலையோரம் ஒதுக்கி, ஊரில் யாருக்கோ இரண்டாவதாக ஒரு குடும்பம் இருப்பதைச் 'செட்டப்பு' என்று காதோடு சொல்லிச் சிரித்து, சாயங்காலம் ஆனதும் "அவனுக்கென்னப்பா, செட்டில் ஆயிட்டான்" என்று எவனையோ நினைத்துப் பெருமூச்சு விடுவார். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் வைத்தானோ தெரியாது. பாண்டியராஜன் அத்தனையையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டு, போதாததற்குச் சொந்தமாக நாலு செய்துகொள்வார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி பாண்டீஸ்வரி ஒருநாள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, கேஸ் தீந்துபோச்சு."

"செட் பண்ணிரலாம்."

"உங்க தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

"செட் பண்ணிரலாம்."

"நான் செத்துப்போனா?"

"அதுவும் செட் பண்ணிரலாம்."

பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காதில் வாங்காமலே பதில் சொல்லிப் பழகிய வாய். அன்று இரவுச் சோற்றை அவரே போட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். பெயர் ரோகிணி. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். மகள் என்றால் பாண்டியராஜனுக்கு உயிர். அவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைந்து, திருமங்கலத்தில் மலையாண்டி என்பவருடைய மகன் சூரியபிரகாஷைக் கண்டுபிடித்து, போட்டோவை மகளுடைய போனுக்கு அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டார். கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த நேரம்.

"போட்டோ பாத்தியாம்மா? எப்புடி?"

ரோகிணி மூன்று நாளாக ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்து நடந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. அப்பாவின் குரலைக் கேட்டதும் ஒத்திகையெல்லாம் காற்றில் போயிற்று. பயத்தில் தடுமாறி, பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்டு வளர்ந்த சொல்லையே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா... எனக்கு முன்னாடியே செட் ஆயிருச்சுப்பா."

பாண்டியராஜன் பூரித்துப்போனார். முன்னாடியே என்றால்? தான் கேட்பதற்கு முன்னாடியே, போட்டோவைப் பார்த்ததுமே மகளுக்குப் பிடித்துவிட்டது! வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

"அம்புட்டுதான? நான் பேசிச் செட் பண்ணிர்றேன். ஞாயித்துக்கிழமை வந்துரு" என்று போனை வைத்தார். அப்பா இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார் என்று ரோகிணி கனவிலும் நினைக்கவில்லை. திருமங்கலத்துக்காரர்களிடம் பக்குவமாகப் பேசி நிறுத்திவிடுவார் என்று நம்பி, அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடையில் திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தவள், தன் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, யாரும்மா இவங்க?" என்று அவள் கேட்டதற்கு, "மொதல்ல சேலைய மாத்து" என்று பாண்டீஸ்வரி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

மகளுடைய நிச்சயத்துக்கு மைக் செட் கட்டாமல் மைக் செட்காரன் இருப்பானா? இரண்டு ஸ்பீக்கர் வீட்டு மேலே, இரண்டு தெருமுனையில். தட்டு மாற்றும் நேரத்தில் பாண்டியராஜன் மைக்கைக் கையில் எடுத்து, "வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் செட் ஆயிருச்சு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா!" போட்டோவில் பார்த்த முகம் எதிரே உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்த ரோகிணி எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் செட் ஆயிருச்சுன்னு சொன்னது இவர இல்லப்பா. என்கூட வேலை பாக்குறாரு, கொட்டாம்பட்டி, சிவபாண்டின்னு பேரு. அவரத்தான் சொன்னேன்."

மைக் அணையவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வரைக்கும் சிவபாண்டி யாரென்று தெரிந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளை சூரியபிரகாஷ் மெதுவாக எழுந்தான். முகத்தில் அப்படி ஒரு ஆறுதல்.

"நானும் அன்னைக்கே எங்கப்பாகிட்ட சொன்னேன், எனக்கு இது செட் ஆகலன்னு. இன்னும் ரெண்டு வருசம் நான் படிக்கணும்."

மலையாண்டி துள்ளி எழுந்தார். "ஏலேய், அது சட்டைய இல்லயா சொன்ன? அதுக்குத்தான நாப்பதக் குடுத்துட்டு நாப்பத்திநாலு மாத்தி வாங்கியாந்தேன்!"

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். மாப்பிள்ளையின் சட்டைக்குள் இன்னொரு மாப்பிள்ளைக்கு இடம் இருந்தது. முதலில் ஒரு பெரியம்மா சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். பாண்டியராஜனுக்குச் சபையில் தலை குனிந்ததைவிட வேறொன்று உறுத்தியது. பெற்ற மகள் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள், அதை அரை நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது.

"இப்ப என்னப்பா செய்யப் போறீங்க?" என்றாள் ரோகிணி.

"செட் பண்ணி..."

"அப்படின்னா என்னப்பா அர்த்தம்?"

ஐம்பத்திரண்டு வயதில் பாண்டியராஜனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். சொற்களைத் தேடிப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா."

"உன்ன மரியாதையா வச்சுக்கிருவானா?"

"வச்சுக்கிருவாருப்பா."

"அப்ப வரச் சொல்லு. நான் உக்காந்து பேசணும். பேசிட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்."

ரோகிணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா அவளிடம் இத்தனை கேள்வி கேட்டது அன்றுதான் முதல் தடவை.

இவரைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். நீங்கள் 'செட்' என்று சொல்லும் ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் வாயில் 'ஓகே' இருக்கலாம், 'பாத்துக்கலாம்' இருக்கலாம். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாரே, நீங்களும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி சரி" என்றீர்களே, அது எதற்குச் சொன்ன சரி? ஞாபகம் இல்லையா? அவர் இன்னும் அடுத்த அறையில்தான் இருக்கிறார். எழுந்து போய்க் கேட்டுவிடுங்கள்.