நான்கு அனுமன்கள்

அருங்காட்சியகத்தில் வருடாந்தரச் சரிபார்ப்பு மிகுந்த கண்ணியத்துடன் நடந்துகொண்டிருந்தது. மேஜை ஒன்று, சரி. பீரோ இரண்டு, சரி. ராமாயண ஏட்டு ஓவியத்துக்கு வந்ததும் அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"ஏம்மா, பதிவேட்டுல அனுமன் ஒருத்தர்னு இருக்கு. இங்க நாலு பேர் இருக்காங்களே?"

பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவள், ஊழியர்கள் எல்லாருக்கும் அக்கா. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஒரே ஆள்தான் சார். கடலைத் தாண்டுறார், சீதைகிட்ட மோதிரம் குடுக்கிறார், கட்டுப்பட்டு உக்காந்திருக்கார், ஊரைக் கொளுத்துறார். அந்தக் காலத்துல முழுக் கதையையும் ஒரே தாள்ல வரைஞ்சிடுவாங்க."

"ஒரே ஆள் நாலு இடத்துலயா? யார் காதுல பூ சுத்துற? மூணு பேர் கூடுதல். சாயங்காலத்துக்குள்ள சுரண்டி எடுத்துடு."

அக்கா ஓவியத்தின் குறுக்கே போய் நின்றாள். பூச்சி அரித்த அந்தத் தாளைப் பதினோரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியவள் அவள்.

"யாரை சார் விட்டு வைக்கிறது?"

"கட்டுப்பட்டு உக்காந்திருக்காரே, அவரை. அவர் ஒருத்தர்தான் அடக்கமா இருக்கார்."

அக்கா விடவில்லை. காப்பாளரிடம் முறையிட்டாள். அந்தப் பதவி காலி. கூடுதல் பொறுப்பு இதே அதிகாரி. அவர் அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, மனுவைப் படித்து, "சரிபார்ப்பு அதிகாரியின் மேலான கருத்தை வழிமொழிகிறேன்" என்று எழுதினார். இயக்குநரிடம் முறையிட்டாள். அதே அதிகாரி மூன்றாவது நாற்காலிக்கு நகர்ந்தார். மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதினாள். மனுஷன் எழுந்து, காலியாக இருந்த நான்காவது நாற்காலிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அதிலும் போய் உட்கார்ந்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், நாலு நாற்காலியிலயும் நீங்க ஒரே ஆள்தானே? இதுல எந்த மூணைச் சுரண்டணும்?"

சுற்றி நின்ற ஊழியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரிக்கு வேர்த்து விறுவிறுத்தது. ஐந்தே நிமிடத்தில் ஆணை பிறந்தது: "ஒரு நபர் ஒரே சமயத்தில் பல இடங்களில் இருப்பது இதனால் அங்கீகரிக்கப்படுகிறது. முன்னுதாரணம்: அனுமன்."

அப்பாடா! ஓவியம் பிழைத்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஊழியர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஆணையின் நகலை அவரவர் மேஜைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்கள். அதிகாரி நான்கு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"மானங்கெட்ட ஜென்மங்க!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பத்தரை மணிவரை திட்டித் தீர்த்தாள். அப்புறம் தானும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று பூராவும் இடத்தை விட்டு நகராமல் வேலை பார்த்தவர்கள் அந்த நான்கு அனுமன்கள்தான்.