கலப்பு இரட்டையர் ஆட்டத்துக்கு அடியேனின் பங்களிப்பு

டென்னிஸ் என்ற ஆட்டத்தை உலகம் முழுக்கத் தப்பாகவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற உண்மையை முதன்முதலில் கண்டுபிடித்தவன் அடியேன்தான். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தற்பெருமைக்குச் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது.

இந்த மாதிரிக் கண்டுபிடிப்பு யாருக்கும் சும்மா வந்துவிடாது. அதற்கு வேண்டிய பயிற்சியை என் உத்தியோகம் எனக்குக் கொடுத்திருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நான் 'பணித்திறன் மேம்பாட்டுப் பிரிவு'க்குத் தலைவன். அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. மற்றப் பிரிவுகளுக்குப் போய், வேலை செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர்கள் செய்வது எந்த வகையில் தப்பு என்று எடுத்துச் சொல்வது என் கடமை. நான் வருவதைப் பார்த்ததும் மாடி முழுக்க எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போன் வந்துவிடும். அந்த அளவுக்கு அங்கே சுறுசுறுப்பை உண்டாக்கி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை போட்டி நிறுவனத்து முகவர் ஒருவர் மாடி மாறி எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மனிதர் வாடிக்கையாளரிடம் முதல் வரியிலேயே விலையைச் சொல்லிவிடுகிறார் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் அவரிடம் போய்விட்டார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் சார், அதை நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"அவங்க கேக்கறதில்லையே சார்."

மேலாளர் என்னை வெகுநேரம் பார்த்தார். பாராட்ட வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் பேசும்போது ஒருவர் தலையாட்டிக் கேட்டால் போதும், அப்படியே கரைந்துபோவேன். என்ன செய்வது, அப்படிக் கேட்கிறவர்கள் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நானும் என் மனைவியும் அங்கே ஜோடியாக ஆடுவோம். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பாளர். அவள் வீட்டுக்கு வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன், நான் வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழுசாக ஒரே இடத்தில் நிற்பது அந்த ஒரு மணி நேரம்தான். வலையின் ஒரே பக்கத்தில் நிற்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த சந்தோஷத்தை எப்படியாவது 'மேம்படுத்தி'விட வேண்டும் என்று நான் தீர்மானித்ததில்தான் விஷயம் ஆரம்பமாகிறது.

முதலில் என்னையே மேம்படுத்திக்கொண்டேன். உலகத்துப் பயிற்சியாளர்கள் எல்லாம் இணையத்தில் போட்டிருக்கும் வீடியோக்களை அலுவலக நேரத்தில் ஆழ்ந்து கற்றேன். கூடத்தில் கண்ணாடி முன்னால் பந்து இல்லாமல் அடித்துப் பழகினேன். பந்து இல்லாத ஆட்டத்தில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று அடித்துச் சொல்வேன். கூடத்து விளக்கு அதற்குச் சாட்சியாக இருந்தது, உடையும்வரை.

எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் நாம் லேசாக ஒரு குதி குதித்துத் தயாராக வேண்டும் என்பது விஞ்ஞானம். நான் மனதார, உயரமாகக் குதித்தேன். பந்து என்னைக் கடந்து போகும்போது நான் பெரும்பாலும் ஆகாயத்தில் இருந்தேன். ஒருநாள் தண்ணீர் பாட்டில்மேல் போனைச் சாய்த்து வைத்து என் ஆட்டத்தைப் படம் பிடித்தேன். மனசுக்குள் நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு சாம்பியனின் ஆட்டம். படத்தில் இருந்த ஆளோ ஒரு குளவியை விரட்டிக்கொண்டிருந்தான். போனில் ஏதோ கோளாறு என்று கடைக்காரரிடம் காட்டினேன். அவர் போன் நன்றாக இருப்பதாகச் சொன்னார். இந்தக் காலத்தில் யாருக்குத் தொழில் தெரிகிறது?

பிறகு மனைவியை மேம்படுத்த முனைந்தேன். அவள் ராக்கெட்டை விளக்குமாறு மாதிரிப் பிடிப்பாள். குதிக்க மாட்டாள். பந்தை அடித்துவிட்டு, அடித்த தோரணையில் ஒரு வினாடி நின்று காட்டக்கூட மாட்டாள். எதிரில் நிற்பவர்களைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பாள், எங்கேயோ தட்டிவிடுவாள், அவர்கள் ஓடுவார்கள். இதை ஆட்டம் என்று சொல்ல முடியுமா?

"முழங்கை, முழங்கை" என்பேன்.

"பந்து உள்ளதானே விழுந்துது?" என்பாள்.

"விழறது முக்கியமில்ல. எப்படி விழுந்துதுங்கறதுதான் முக்கியம்."

"எப்படியோ விழுந்துது. பாயின்ட் நமக்குத்தான். நகருங்க, சர்வீஸ் போடணும்."

வருஷாந்திர கலப்பு இரட்டையர் போட்டி நெருங்கியது. ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து ஆடும் அந்தப் போட்டியில் நாங்கள் ஒவ்வொரு வருஷமும் கலந்துகொள்வோம், ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். இந்த முறை, சாப்பாட்டு மேஜையில் 'தந்திர ஆலோசனைக் கூட்டம்' ஒன்றைக் கூட்டினேன். உறுப்பினர்கள் இருவர். மேஜைதான் கோர்ட். உப்பு டப்பா நான். சர்க்கரை டப்பா அவள். எதிர்ப்பக்கத்தில் மிளகு டப்பா, எங்கள் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர். போன வருஷம் கப் வாங்கியவர். அவருக்குப் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில், அவரோடு ஜோடி சேரும் அவருடைய அக்கா. எந்தப் பந்தும் தாண்டாது என்பதால் அந்தம்மாவுக்குக் குடியிருப்பில் 'மதில்' என்று பெயர்.

"இப்ப உப்பு முன்னாடி வருது. சர்க்கரை குறுக்கால பின்னாடி போகுது" என்று டப்பாக்களை நகர்த்தினேன்.

"காபிக்குச் சர்க்கரை வேணும்" என்று எங்கள் அணியில் பாதியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே குரல் வந்தது. "பல் டாக்டருக்கு இடது பக்கம் வராதுங்க. அந்தப் பக்கமே போட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

நான் சிரித்தேன். வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் வரும் பந்தைப் புறங்கை முன்னால் வர அடிப்பதற்கு பேக்ஹேண்ட் என்று பெயர் என்பதே அவளுக்குத் தெரியாது. இவள் எனக்குத் தந்திரம் சொல்கிறாள்.

"அது தந்திரம் இல்லம்மா. அது வெறும் கவனிப்பு."

காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆறு நாளும் வார்டுல எல்லாரும் எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஏழாவது நாள் நீங்க சொல்றீங்க. எனக்கு ஆடணும். ஒரு தடவையாவது அந்தக் கப்பை வாங்கணும். இந்த வருஷம் வரலேன்னா, அடுத்த வருஷம் நான் வேற யாரோடயாவது சேந்து ஆடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வலைக்கு அந்தப் பக்கம் வேறு எவனோ என் மனைவியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. எப்பாடுபட்டாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஆகவே அவளுக்கு இன்னும் அதிகமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

போட்டி வந்தது. என் பயிற்சியின் மகிமையால் நாங்கள் இறுதி ஆட்டம்வரை முன்னேறினோம். முதல் சுற்றில் அவள் பந்துகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள், நான் குதித்துக்கொண்டிருந்தேன். அரையிறுதியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் வலையோரமாக ஒரே இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தைத்தான் நாங்கள் மிகச் சுலபமாக ஜெயித்தோம். நான் நின்ற நிலையிலேயே எதிராளிகளை அச்சுறுத்தியிருக்கிறேன் என்பது என் ஆய்வு முடிவு.

இறுதி ஆட்டம் பல் டாக்டரோடும் மதிலோடும். ஒரே செட். முதலில் ஆறு கேம் எடுக்கும் ஜோடிக்குக் கப், ஐந்துக்கு ஐந்து ஆனால் மட்டும் இரண்டு கேம் முந்த வேண்டும். குடியிருப்பே வந்து சுற்றி நின்றது. சங்கத் தலைவர் கைப்பிடி ஆடும் கப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? எந்தப் பந்து வந்தாலும் அதைப் பல் டாக்டரின் இடப்பக்கம் போட்டாள். கொஞ்சம்கூடக் கற்பனை கிடையாது. அவர் அடித்தால் வலையில் விழும், அல்லது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். பார்க்கவே எனக்கு வேதனையாக இருந்தது. அவர் ராக்கெட்டின் பிடியை மாற்றாமல், தோளைத் திருப்பாமல், பந்து உடம்பைத் தாண்டிப் போன பிறகு அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்துக்கு இரண்டு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு கேம். மனைவியின் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

பக்கம் மாறுவதற்காக எல்லோரும் வலைக்கம்பத்தருகே வந்தோம். மனைவி தண்ணீர் குடிக்கப் பெஞ்சுக்குப் போனாள். பல் டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இந்தப் பக்கம் வர்ற பந்து மட்டும் எங்க போகுதுன்னே தெரியல சார். உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. நான் என்னதான் தப்புப் பண்றேன்?"

'உங்களுக்குத்தான்' என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. மதில் மரியாதையாக இரண்டடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"பிடியை லேசா உள்பக்கம் திருப்புங்க டாக்டர். ஆள்காட்டி விரல் முட்டி மேல வரணும். ஆங், அதான். பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பிடுங்க. பந்து பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, உங்களுக்கு முன்னாடி இருக்கறப்பவே அடிச்சுடணும்."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க. அடிச்சுக் காட்டுங்க. அருமை."

அவர் தலையாட்டினார். நான் கரைந்துபோனேன்.

மனைவி வந்து நின்றாள். வழக்கம்போலப் பல் டாக்டரின் இடப்பக்கம் போட்டாள். அவர் தோளைத் திருப்பினார். பந்து எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து கோட்டோரத்தில் விழுந்தது. குடியிருப்பே "ஓ" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அழகான பேக்ஹேண்டை நான் வீடியோவில்கூடப் பார்த்ததில்லை. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு அவருக்கு?"

"பிடியை மாத்திருக்கார். தோளும் திரும்புது. கவனிச்சியா?" என்றேன் பெருமையோடு.

அவள் வலப்பக்கம் போட்டுப் பார்த்தாள். மதில் பக்கம் போட்டுப் பார்த்தாள். உயரமாகத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். அவற்றுக்கெல்லாம் அவர்களிடம் பதில் இருந்தது. ஐந்துக்கு ஐந்து ஆயிற்று. பிறகு ஐந்துக்கு ஏழு ஆயிற்று. கடைசிப் பந்தை நான் எடுத்திருக்கலாம். நான் ஆகாயத்தில் இருந்தேன்.

கப்பை வாங்கிக்கொண்டு பல் டாக்டர் பேசினார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

"இந்த வெற்றிக்கு நான் காரணம் இல்ல. எனக்குச் சொல்லிக் குடுத்த குரு இங்கதான் இருக்கார். எதிர்ப்பக்கத்துல ஆடிக்கிட்டு இருக்கறப்பவே சொல்லிக் குடுத்தார் பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். என்னால் மேம்பட்ட ஒருவர் அதை ஒப்புக்கொண்டது என் வாழ்நாளில் இதுதான் முதல்முறை, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். எழுந்து தலை வணங்கினேன். என் மனைவியும் கைதட்டினாள். அவள் தட்டியது மட்டும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், முறைப்படி 'தோல்வி ஆய்வுக் கூட்டத்தை' மேஜையில் கூட்டினேன். உப்பு, சர்க்கரை, மிளகு, ஊறுகாய் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அதிசயமாக, அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ அந்த நேரத்துல தந்திரத்தை மாத்தியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட ஒண்ணுதாங்க இருந்துது. அதை உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதில் ஒரு குறை கண்டுபிடித்துத் திருத்தியிருப்பேன். அவள் கையை நீட்டி மிளகு டப்பாவை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்பு டப்பாவை எடுத்தாள், மூடியை இறுக்கினாள், எழுந்து போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

மேஜையைப் பார்த்தேன். ஏதாவது நல்லதாக, அவள் மனம் மாறும்படியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தவித்தேன். எனக்கு வந்தது இதுதான்:

"அவருக்கு சர்வீஸ்லயும் ஒரு குறை இருக்கும்மா. பந்தைத் தூக்கிப் போடறப்ப தலைக்குப் பின்னாடி போயிடுது."

"அப்படியா? அதையும் சொல்லிக் குடுத்துடுங்க" என்றாள். "அடுத்த வருஷம் அவர்தான் எனக்கு ஜோடி."